படுத்துப் போட வேண்டிய பெல்ட்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. ஒரு வருடமாக இடது பக்கத் தொடையிடுக்கில் வீக்கம். நின்றால் வரும், படுத்தால் உள்ளே போய்விடும். ஹெர்னியா என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் நேரத்தில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். இன்னும் சில மாதம் போகட்டும் என்கிறார் இதய மருத்துவர். அதுவரைக்கும் என்று ஒரு ஹெர்னியா பெல்ட் வாங்கிக் கொடுத்தோம். காலையில் குளித்துவிட்டு நின்றபடியே மாட்டிக்கொள்கிறார், இரவிலும் கழற்றுவதில்லை. ஆனாலும் மாலைக்குள் பெல்ட்டுக்குக் கீழே வீக்கம் எட்டிப் பார்க்கிறது, வலிக்கிறது என்கிறார். தோலில் சிவந்த தடம் இருக்கிறது. இன்னும் இறுக்கிப் போட்டால் நிற்குமா? தொடர்ந்து போட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னாரே, உண்மையா? அம்மாவுக்கும் பழைய ஆபரேஷன் தழும்பில் ஒரு வீக்கம் இருக்கிறது. அதே பெல்ட்டை அவரும் போடலாமா?

பதில்: முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டை இறுக்க வேண்டாம். அப்பாவைக் கழற்றச் சொல்லி, பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வையுங்கள். வீக்கம் எப்போதும்போல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். போய்விட்டால் பதற ஒன்றுமில்லை, மீதியை நிதானமாகப் படிக்கலாம். போகாமல் கெட்டியாக நின்று வலித்தால், இந்தப் பதிலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 'நின்றபடியே மாட்டிக்கொள்கிறார்' என்ற அந்தச் சின்ன விவரம்தான். ஹெர்னியா பெல்ட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அதற்குள் அடங்கிவிடுகிறது.

வயிற்றின் முன்சுவர் தசையும் நாரும் சேர்ந்த பல அடுக்குகளால் ஆனது. ஆண்களுக்கு விரையிலிருந்து வரும் நாளமும் ரத்தக் குழாய்களும் இந்தச் சுவரைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு போகின்றன. அந்தப் பாதை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம். உள்வாய் மேலே, சற்று இடுப்புப் பக்கமாக இருக்கும். வெளிவாய் கீழே, அடிவயிற்றின் நடுவே தட்டுப்படும் எலும்பை ஒட்டி இருக்கும். இந்தப் பாதையோ அதை ஒட்டிய சுவரோ தளர்ந்துபோனால், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பும் குடலும் அதன் வழியே தள்ளிக்கொண்டு வருகின்றன. வாழ்நாளில் நான்கு ஆண்களில் ஒருவருக்கு இது வரும் என்பது கணக்கு. ஆகவே அப்பா இதை வெளியே சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெல்ட் செய்யும் வேலை மிகச் சாதாரணமானது. உள்ளே போன குடல் மறுபடி வராதபடி, திண்டு வைத்த ஒரு பட்டை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கிறது. கதவைச் சாத்திவிட்டு வெளியே முட்டுக் கொடுப்பது மாதிரி. கதவிடுக்கில் ஒருவர் கை இருக்கும்போதே முட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? நின்றபடி, வீக்கம் வெளியே இருக்கும்போது பெல்ட் போட்டால் அதுதான் நடக்கிறது. குடல் வெளியே, அதன் கழுத்தில் பெல்ட்டின் அழுத்தம். அந்தக் குடலுக்குப் போகும் ரத்தம் குறையலாம், வந்த வழியே திரும்பவும் முடியாமல் போகலாம். மாலையில் அப்பா வலிக்கிறது என்பது அநேகமாக இதனால்தான்.

பல வருடம் முன்பு எனக்கு வந்த ஒரு பெரியவரை இப்போதும் நினைப்பேன். மாதக்கணக்கில் ஒழுங்காகப் பெல்ட் போட்டவர். படுக்கச் சொல்லி, பெல்ட்டை நானே கழற்றினேன். திண்டின் அச்சு அப்படியே தோலில் பதிந்து குழிந்திருந்தது. ஓரத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. ஆனால் அந்தக் குழி இருந்த இடம் ஹெர்னியாவின் வாய்க்கு இரண்டு விரல் கீழே! திண்டு இவ்வளவு நாளும் எலும்பை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. வீக்கம் அதற்கு மேலே தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. "எப்படிப் போடணும்னு யாரும் சொல்லித் தரலையே டாக்டர்" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அட்டைப் பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் போடுகிறார்கள், அந்தப் படத்திலும் ஆள் நின்றுகொண்டுதான் இருப்பார். அன்றிலிருந்து பெல்ட் போடும் யாரையும் படுக்கவைத்து, என் கண்முன் போட்டுக் காட்டச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

சரி, எப்படிப் போடுவது? காலையில் கண் விழித்ததும், கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே போடுவதுதான் நல்லது. இரவு முழுக்கப் படுத்திருந்ததால் எல்லாம் தானாக உள்ளே போயிருக்கும். குளித்த பிறகுதான் போடுவேன் என்று அப்பா சொன்னால் அதுவும் சரிதான். குளித்து, இடுக்கை ஈரம் போகத் துடைத்து, மறுபடி வந்து படுக்கட்டும். முழங்கால்களை மடித்து, வயிற்றைத் தளர விட்டு நாலைந்து நிமிடம் இருக்கட்டும். பெரும்பாலும் வீக்கம் தானே மறைந்துவிடும். கொஞ்சம் மிச்சம் இருந்தால் விரல்களைத் தட்டையாக வைத்து மேலாகவும் இடுப்புப் பக்கமாகவும் மெல்ல ஏந்திக் கொடுக்கலாம். குடலாக இருந்தால் 'களுக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு உள்ளே போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். விரல் நுனியால் குத்தித் தள்ளுவது, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குவது எல்லாம் கூடவே கூடாது.

உள்ளே போன பிறகுதான் பெல்ட். திண்டு எங்கே உட்கார வேண்டும் என்பதை ஒரு முறை விரலால் தொட்டுப் பழகிக்கொண்டால் போதும். இடுப்பின் முன்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனை ஒன்று உண்டு. அடிவயிற்றின் நடுவே, ஆணுறுப்புக்குச் சற்று மேலே தட்டுப்படும் எலும்பு இன்னொன்று. இரண்டையும் சேர்த்து மனதில் ஒரு சாய்வான கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் பாதியில், ஒரு விரல் மேலே இருப்பதுதான் உள்வாய். அங்கிருந்து நடு எலும்பை நோக்கி வரும் பாதையின் மேல் திண்டு படிய வேண்டும். எலும்பின் மேல் ஏறி உட்காரக் கூடாது. தொடை மடிப்புக்குள் இறங்கவும் கூடாது. அங்கே காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. விதைப்பை மேல் படவே கூடாது. உருண்டையாகக் குத்தும் திண்டைவிடத் தட்டையான, அகலமான திண்டு நல்லது. கூரான திண்டு ஓட்டைக்குள்ளேயே அழுந்தி அதைப் பெரிதாக்கிவிடும்.

படுத்தபடியே கொக்கியையோ வெல்க்ரோவையோ மாட்டிவிட்டு, பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருக்கச் சொல்லுங்கள். நின்றதும் இரண்டு முறை இருமிப் பார்க்க வேண்டும். அப்புறம் கால்களை அகட்டிப் பாதி உட்கார்ந்து எழ வேண்டும். இதற்கெல்லாம் வீக்கம் வெளியே வரவில்லை என்றால்தான் அந்தப் பெல்ட் அவருக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். பகலில் எப்போது வீக்கம் நழுவி வந்தாலும் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், படுக்க வேண்டும், உள்ளே அனுப்பிவிட்டு மறுபடி போட வேண்டும். படுக்க வசதியில்லாத இடம் என்றால் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரட்டும். வெளியே வந்த வீக்கத்தின் மேல் பெல்ட் இருப்பதைவிட, பெல்ட்டே இல்லாமல் இருப்பது பாதுகாப்பு. இத்தனை கவனமாகப் போட்டும் தினமும் நழுவுகிறது என்றால் அந்தப் பெல்ட் அவருக்கு ஆகாது, விட்டுவிட வேண்டியதுதான்.

அளவு விஷயத்திலும் பலர் தவறுகிறார்கள். கால்சட்டை அளவைச் சொல்லி வாங்குவார்கள். ஆனால் இந்தப் பெல்ட் நிற்பது இடுப்பின் மடிப்பில் இல்லை, அதற்குக் கீழே. பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் தொடையெலும்பின் புடைப்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். வயிறு பெரிதாக இருப்பவர்களுக்கு இரண்டு அளவுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். தொடைக்கு இடையே போகும் வார் இருந்தால் அதை மாட்டாமல் விடாதீர்கள். பட்டை மேலே ஏறாமல் பிடிப்பதே அதுதான். ஸ்பிரிங் வைத்த பழைய வகை, எலாஸ்டிக் பட்டை, திண்டு செருகும் ஜட்டி மாதிரியான வகை என்று பல உண்டு. சின்ன ஹெர்னியாவுக்கு ஜட்டி வகையே போதும், உடைக்கு வெளியே தெரியாது என்பதால் பலரும் அதை விரும்புகிறார்கள். பெரிதாக விதைப்பை வரை இறங்கும் ஹெர்னியாவை இவை எதுவும் சரியாகப் பிடிக்காது.

இரவில் பெல்ட் வேண்டாம். படுத்தால் வீக்கம் தானே உள்ளே போகிறது, அப்புறம் எதற்கு? தோலுக்கு அந்த எட்டு மணி நேரம்தான் ஓய்வு. கழற்றிய அரை மணி நேரத்தில் சிவப்புத் தடம் மறைந்தால் பரவாயில்லை. மறையாமல் நின்றால் இறுக்கம் அதிகம், அல்லது அளவு தப்பு. உரசாமல் இருக்க உள்ளே மெல்லிய பருத்தித் துணி இருக்கட்டும். பவுடர் அப்ப வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து கட்டிதட்டிப் புண்ணாக்கும். முடிந்தால் இரண்டு பெல்ட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்துப் போடலாம். ஈரப் பெல்ட்டைப் போட்டால் படை வந்துவிடும், படையும் புண்ணும் இருக்கும் இடத்தில் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டிவரும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் புண் வந்தாலும் உணர்ச்சி தெரியாமல் போகலாம். தினமும் யாராவது ஒருவர் பார்த்துவிடுவது நல்லது. தொடையின் உள்பக்கமோ விதைப்பையோ மரத்துப்போனால் நரம்பு அழுந்துகிறது. விரை வீங்கினால் ரத்தக் குழாய் அழுந்துகிறது. இரண்டில் எது வந்தாலும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஓட்டை மூடிக்கொள்ளுமா என்று கேட்டீர்கள். மூடாது. பெல்ட் எத்தனை வருடம் போட்டாலும் தளர்ந்த சுவர் இறுகாது. அதற்கு மாறாக, வருடக்கணக்கில் ஒரே இடத்தை அழுத்துவதால் உள்ளே திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தழும்பாகிவிடும், தோலும் மெலிந்துபோகும். அப்படிப்பட்டவருக்கு ஆபரேஷன் செய்யும்போது அடுக்கடுக்காகப் பிரிய வேண்டியது பிரியாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நான் செய்து பார்த்துச் சொல்கிறேன். பெல்ட்டைத் தவிர வேறு வழியே இல்லாத காலமும் இருந்தது. இத்தாலியில் பஸ்ஸினி என்ற அறுவை மருத்துவர் 1880களில் சுவரை அடுக்காகத் தைக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் ஹெர்னியாவுக்கு நம்பத் தகுந்த சிகிச்சை என்று ஒன்று வந்தது. பிறகு வலை வைத்து மூடும் முறை வந்து, மறுபடி வருவது இன்னும் குறைந்தது. ஆகவே இன்றைக்குப் பெல்ட்டுக்கு உள்ள வேலை, உங்கள் அப்பா மாதிரி காரணத்தோடு காத்திருப்பவர்களுக்குச் சில மாதம் துணையாக இருப்பது. ஆபரேஷனே தாங்காத உடம்பு என்றால் கொஞ்சம் நீண்ட நாள் துணை.

காத்திருப்பது ஆபத்தில்லையா என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஆறுதல் தரும். அதிகத் தொந்தரவு தராத தொடையிடுக்கு ஹெர்னியா உள்ள 720 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள், மற்றவர்களைக் கவனித்து வந்தார்கள். கவனித்து வந்தவர்களில் திடீரென்று சிக்கிக்கொண்டு அவசரமானது ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் பத்து வருடத்துக்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பேர், பெரும்பாலும் வலி கூடியதால், ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். அதனால் சில மாதம் பொறுக்கலாம், மறந்துவிடத்தான் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அவசரமில்லாத ஆபரேஷனைப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தள்ளிப்போடுவார்கள். இடையில் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையும் அபாயம் ஹெர்னியாவின் அபாயத்தைவிடப் பல மடங்கு பெரியது. இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். நேரம் வரும்போது, முழு மயக்கம் இல்லாமல் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து இந்த ஆபரேஷனைச் செய்ய முடியும் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு அது பெரிய வசதி.

இந்தக் காத்திருப்பில் பெல்ட்டைவிட அதிகம் உதவக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். அப்பாவுக்கு வறட்டு இருமல் இருக்கிறதா? ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகள் இதய நோயாளிகளுக்கு அடிக்கடி தரப்படுபவை. சிலருக்கு அவற்றால் விடாத வறட்டு இருமல் வரும். ஒவ்வொரு இருமலும் அந்த ஓட்டையில் விழும் ஓர் உதை. இருந்தால் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. மலம் முக்கிக் கழிக்க வேண்டியிருக்கிறதா? சிறுநீர் கழிக்க நின்று முக்க வேண்டியிருக்கிறதா? 68 வயதில் புராஸ்டேட் வீக்கம் சகஜம். அதைச் சரிசெய்யாமல் ஹெர்னியாவை மட்டும் தைத்து அனுப்பினால் தையலுக்கு ஓயாமல் சோதனைதான். புகைப்பழக்கம் இருந்தால் இதயத்துக்காகவும் இதற்காகவும் விட வேண்டும். கனமான பொருளைத் தூக்குவதைக் குறைக்கட்டும். நடப்பதைக் குறைக்க வேண்டாம், நடை இரண்டுக்குமே நல்லது.

ஆபத்து அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போக மறுப்பது, கல் மாதிரி இறுகித் தொட்டாலே வலிப்பது, வாந்தி, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமல் இருப்பது, மேல் தோல் சிவப்பது அல்லது கறுப்பது. குடல் நெரிபட்டால் இப்படித்தான் தெரியும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். பெல்ட்டைக் கழற்றி, சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல், அமுக்கிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். போனதும் ஸ்டென்ட் வைத்த தேதியையும் மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். ஒரு தாளில் இப்போதே எழுதி அப்பாவின் பணப்பையில் வைத்துவிட்டால் அந்த நேரத்துப் பதற்றத்தில் தேட வேண்டியிருக்காது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பெல்ட் அவருக்கு உதவாது. தழும்பு ஹெர்னியாவுக்கு வயிற்றை முழுதாகச் சுற்றி அணைக்கும் அகலமான பட்டை வேண்டும். திண்டு வைத்து ஓரிடத்தில் குத்தும் பட்டை அதற்கு ஆகாது. அதையும் படுத்துத்தான் போட வேண்டும், மூச்சுவிடச் சிரமமில்லாத இறுக்கத்தில், நடமாடும் நேரத்தில் மட்டும். ஆனால் அதற்கு முன் அவரை ஒரு அறுவை மருத்துவர் பார்த்தாக வேண்டும். தழும்பு ஹெர்னியாவில் வெளியே வந்த குடல் அங்கேயே ஒட்டிப்போய் திரும்பாமல் இருப்பது உண்டு, திரும்பாத ஹெர்னியா எதுவானாலும் அதன் மேல் பட்டை போடக் கூடாது. அந்த வீக்கம் வயிற்றில் இல்லாமல் தொடை மடிப்பில் என்றால் இன்னும் சீக்கிரம் காட்ட வேண்டும். தொடைக்குப் போகும் ரத்தக் குழாய்களை ஒட்டிய இடைவெளி வழியாக வரும் ஹெர்னியா ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதன் வாய் குறுகல், சீக்கிரம் நெரிபடும். அதற்குப் பெல்ட்டே கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்டோஸ்கோப்பி அறிக்கையில் 'ஹயாட்டஸ் ஹெர்னியா' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வயிற்றுப் பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு சிலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அது உதரவிதானத்தின் வழியே இரைப்பை நெஞ்சுக்குள் ஏறுவது. வயிற்றை இறுக்கினால் நெஞ்செரிச்சல் கூடத்தான் செய்யும். கைக்குழந்தையின் தொப்புள் ஹெர்னியாவுக்கு நாணயம் வைத்துக் கட்டுவதும் அப்படித்தான், தோல்தான் புண்ணாகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலைந்து வயதுக்குள் அது தானே மூடிவிடும். ஆனால் குழந்தைக்குத் தொடையிடுக்கில் வீக்கம் வந்தால் காத்திருக்கவும் கூடாது, பெல்ட்டும் கூடாது, ஆபரேஷன்தான்.

ஆபரேஷன் முடிந்த பிறகு அப்பாவுக்கு இந்தப் பெல்ட் தேவைப்படாது. சில நாள் விதைப்பையைத் தாங்கும் இறுக்கமான ஜட்டி போட்டால் வீக்கமும் வலியும் குறையும், இருமும்போது கையை வைத்து அணைத்துக்கொண்டால் போதும்.

அடுத்த முறை அறுவை மருத்துவரிடம் போகும்போது பெல்ட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாம் பேசியபடி படுத்துப் போட்டுக்கொண்டே அப்பா வரட்டும். அங்கே பரிசோதனை மேசையில் கழற்றி, அவர் கையாலேயே மறுபடி போட்டுக் காட்டட்டும். திண்டு சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.